பல்செட்டுக்குக் கிடைத்த கறை

நான் ஒரே ஒரு வார்த்தை பொய் சொன்னேன். அந்த வார்த்தை 'கறை'. சொன்ன இடம் திருமழிசைக்கு அப்பால் ஒரு கிணற்று மேடு. கேட்டுக்கொண்டவன் ஆவடியில் பல் செட்டு செய்து பிழைத்துவந்த ஒருத்தன். நான் சொன்ன எதையும் மறுபேச்சில்லாமல் நம்பியவன் என் வாழ்க்கையில் அவன் ஒருவன்தான். மனைவி, மக்கள், மாணவர்கள் யாருக்கும் அந்தப் பலவீனம் இருந்ததில்லை. பொய் சொல்ல எனக்கு அவன்தானா அகப்பட வேண்டும்?

ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம் வட்டாரத்தில் வாயைத் திறந்த எவரையும் அவன் மறந்தது கிடையாது. முகம் நினைவிருக்காது. பெயர் நினைவிருக்கவே இருக்காது. "யாரு, அந்தக் கீழ்வரிசை கோணலா? தோ, நேத்துகூட மார்க்கெட்டாண்ட பாத்தேனே" என்பான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல பையன்பா. கடவாய்ல ரெண்டு சொத்தை, அத்தோட சரி" என்று பெண்ணின் தகப்பனாரிடம் சான்றிதழ் கொடுத்தான். அவன் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் பிடுங்கிவிட்ட இடத்துக்குப் புதுப் பல் செய்து கொடுப்பவன். ஊரே அவனைப் பல்செட்டு என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்களும் அப்படித்தான் பெயர் வைத்திருப்பார்கள் என்பதுபோல நாங்களும் கூப்பிட்டோம்.

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் அவன் கடை. முன்னறை கடை, பின்னறை வீடு. முன்னறையில் மூன்று பக்கமும் அலமாரி; அலமாரி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டர் மாவில் வார்த்த வாய்கள். உள்ளே நுழைந்தால் ஒரு கூட்டமே நம்மைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரிப்பது போலிருக்கும். வாய்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதைப் பார்த்தாலும் அச்செடுத்துவிடும் வியாதி அவனுக்கு. பல்லி வால், மனைவி பாதி கடித்து வைத்த முறுக்கு, யாரோ மறந்து விட்டுப்போன செருப்பின் கட்டைவிரல் பள்ளம் எல்லாம் அந்த அலமாரியில் இருந்தன. ஒருமுறை பக்கத்து மளிகைக் கடைச் சாவியையும் அச்செடுத்து வைத்திருந்தான். மளிகைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆள் சேர்த்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னாத்துக்குடா என் கடை சாவி உனக்கு?" என்ற கேள்விக்கு அவன் சொன்ன ஒரே பதில், "அழகா இருந்துச்சி, அதான் எட்த்தேன்." அதற்குமேல் அவனிடம் காரணம் இல்லை என்பது அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மளிகைக்காரருக்குத் தெரியாது. பூட்டை மாற்றிவிட்டார்.

அவனை நான் சந்தித்தது பூந்தமல்லியிலிருந்து திரும்பி வரும் ஒரு பஸ்ஸில், எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூரில் வீடு. எதிர் இருக்கையில் இருந்தவன் என் வாயையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்து உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

"சார், இப்போ கொட்டாவி உட்டீங்கல்ல?"

"ஆமாம்."

"இன்னொரு தபா உடுங்க. மேல ஒரு பல்லு சரியா தெரில."

நான் விடவில்லை. அவன் பார்வை என் மடியிலிருந்த கல்லுக்கு இறங்கியது. செய்தித்தாளில் சுற்றியிருந்தேன், ஒரு மூலை கிழிந்து வெளியே தெரிந்தது.

"இது இன்னா சார், பல்லா?"

"இலை. பல கோடி வருஷத்துக்கு முந்தின இலை. கல்லுக்குள்ள பதிஞ்சிருக்கு."

அவன் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "பல்லு கெடைக்குமா சார்?"

"தேடினா கிடைக்கலாம்" என்றேன். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் அடுத்த பல வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டான்.

எங்களுடன் மூன்றாவதாக வந்தவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆவடித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அவருக்குக் கல்லில் ஆர்வம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கிவிடுவார்கள் என்பதற்காக எங்களோடு வந்தார். புளியோதரை அவர் பொறுப்பு.

மூன்று சைக்கிள். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையைத் தாண்டி, எங்கே கிணறு வெட்டுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போவோம். அந்தப் பக்கத்து நிலத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கல் உண்டு. சுண்ணாம்பு போல வெளுத்து, நகத்தால் கீறினால் மாவாக உதிரும். உளியை வைத்து மெல்லத் தட்டினால் புத்தகம் திறப்பது போல ஏடு ஏடாகப் பிரியும். பிரித்த பக்கத்தில் சில நேரம் ஓர் இலை இருக்கும். நம் ஜாதி, நம் ஊர், நம் மொழி எதுவும் தொடங்காத காலத்தில் ஏதோ ஒரு மரத்திலிருந்து உதிர்ந்த இலை. அதைப் பார்க்கிற முதல் மனிதக் கண் நம்முடையது. அந்தக் கணத்துக்காகத்தான் வெயிலில் அவ்வளவு தூரம் மிதிப்பது.

முதல் பயணத்திலேயே பூந்தமல்லியில் ஒரு கான்ஸ்டபிள் எங்களை நிறுத்தினார். விடியற்காலை, மூன்று பேர், பையில் சுத்தியல், உளி, கடப்பாரை. என் கல்லூரி அடையாள அட்டையை எடுப்பதற்குள் பல்செட்டு முந்திக்கொண்டான்.

"பல்லு எடுக்கப் போறோம் சார்."

"கடப்பாரையிலயா?"

"பெரிய பல்லு சார்."

கான்ஸ்டபிள் அவன் பையைக் கவிழ்த்தார். டெலிவரிக்கு வைத்திருந்த ஒரு முழு செட்டு ரோட்டில் விழுந்து அவரைப் பார்த்து இளித்தது. "எவன் வாய்லேந்துடா புடுங்கினே?" என்று அவர் பின்வாங்க, அண்ணாச்சி, "நான் ஊருக்கே போயிருக்கலாம்" என்று முனகினார். கடைசியில் கான்ஸ்டபிளின் கடைவாய் வலிக்குப் பல்செட்டு ஒரு கிராம்பு வைத்தியம் சொல்ல, அவர் எங்களைக் கைகாட்டி அனுப்பிவைத்தார். நில உரிமையாளர்களையும் அவன் இப்படியேதான் கவிழ்த்தான். "ரோடு போட அளக்க வந்தீங்களா?" என்று அரிவாளோடு வருவார்கள். "வாயத் தொற நைனா" என்பான். திறப்பார்கள். நாங்கள் பாட்டுக்குக் கல்லை உடைப்போம்.

மத்தியானம் ஒரு மரத்தடியில் அண்ணாச்சியின் துண்டை விரித்து, அன்று கிடைத்ததையெல்லாம் பரப்புவோம். நான்தான் நீதிபதி. தீர்ப்பு மூன்று வகை: இலை, கறை, கல். 'இலை' என்றால் செய்தித்தாளில் சுற்றி, எங்கே கிடைத்தது, யார் கண்டெடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வைப்பேன். அது என் வீட்டு இரும்புப் பெட்டிக்குப் போகும். 'கல்' என்றால் சும்மா கல். 'கறை' கொஞ்சம் வஞ்சகமானது. கல்லின் விரிசலுக்குள் கசிந்த தண்ணீர், தன்னில் கரைந்திருந்த உலோக உப்பைக் கறுப்பாக விட்டுவிட்டுப் போகும். பார்த்தால் கிளை கிளையாகப் பிரிந்து செடியைப் போலவே இருக்கும். ஆனால் அது எந்தக் காலத்திலும் உயிரோடு இருந்ததில்லை. 'கறை'யும் 'கல்'லும் பல்செட்டின் சாக்குக்குப் போகும். அவன் அவற்றை அரைத்துச் சலித்து, செய்து முடித்த பல் செட்டுகளுக்கு மெருகு போடுவான். கடையில் விற்கிற தூளைவிட இது பட்டு என்பான்.

அவனுடைய கற்கள் எப்போதும் சாக்குக்குத்தான் போயின. அவன் தேடியது பல். ஆகவே அவனுக்குக் கிடைத்ததெல்லாம் பல். கூழாங்கல்லைத் தூக்கிக்கொண்டு வயலின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவான். "வாத்தியாரே! யானை! யானைக் கடவாய்!"

"கல்."

"சர்தான்." முகம் வாடாது. துண்டின் ஓரத்தில் குந்திக்கொண்டு நான் சீட்டு எழுதுவதையே பார்ப்பான். புளியோதரை தின்னும்போது காலில் இடறிய கல்லை எடுத்துக் கொடுத்த அண்ணாச்சிக்கே நாலைந்து சீட்டு சேர்ந்துவிட்டது.

"என்ன வே, இன்னைக்கும் சாக்குதானா?" என்று அண்ணாச்சி சீண்டுவார்.

"இருய்யா. நம்ம பேர்ல ஒரு சீட்டு உய்யாமயா பூடும்? இன்னா வாத்தியாரே?"

"விழும் விழும்" என்பேன்.

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு சீட்டு.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. மாணவனாக இருந்த காலம் முதல் அந்த வெள்ளைக் கல்லில் நான் கண்டதெல்லாம் இலை, இலை, இலை. அந்த இலைகளைக் கடித்த, அவற்றின்மேல் உட்கார்ந்த ஏதாவது ஒரு பூச்சி இருந்திருக்க வேண்டுமே? ஒரு பூச்சிச் சிறகு கிடைத்தால் போதும், நான் கட்டுரை எழுதுவேன், நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எத்தனையோ ஆயிரம் ஏடுகளைப் பிரித்திருக்கிறேன். இந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுக் கிணற்று மேட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லை. பல்செட்டு ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மேட்டின் பின்பக்கம் போனான். வேட்டியைச் சரிசெய்துகொண்டே திரும்பி வந்தான், கையில் உள்ளங்கையளவு ஏடு.

"வாத்தியாரே, இது பல்லு இல்ல. ஆனா ஷோக்கா கீது. பாரு."

பார்த்தேன். என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தட்டான்பூச்சியின் சிறகு. முழுச் சிறகு. நரம்பும், நரம்புக்கு நரம்பு குறுக்குக் கட்டமும், நுனியருகில் தட்டானுக்கே உரிய அந்தச் சின்னக் கறுப்புப் புள்ளியும்கூட இருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஏட்டை வெயிலுக்குத் திருப்பி இன்னொரு முறை பார்த்தேன். அடுத்த கணம் வந்தது மகிழ்ச்சி இல்லை. யானைக் கடைவாய் தேடுகிறவன், ஒன்றுக்குப் போன இடத்தில்!

"கறை" என்றேன்.

"கறையா?"

"கறை."

அண்ணாச்சி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "நல்லாப் பாத்தியளா சார்? வல மாதிரில்லா இருக்கு."

"பாத்தேன். கறைதான்."

"சர்தான்" என்றான் பல்செட்டு. சாக்கில் போட்டுக்கொண்டான்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாக்கை நான் வாங்கிக்கொண்டு போய், அந்த ஏட்டை உருவிக்கொண்டு, சில வாரம் கழித்து நானே கண்டெடுத்ததாகக் காட்டலாம் என்று அங்கேயே கணக்குப் போட்டிருந்தேன். "சாக்கை நான் கொண்டுபோறேனே" என்று கையை நீட்டினேன்.

"ஐய, உனக்கு முதுவு வலி வாத்தியாரே" என்று சொல்லி அவனே தன் சைக்கிளில் கட்டிக்கொண்டான்.

அடுத்த நாள் போகலாம் என்றிருந்தேன். தேர்வுக் கண்காணிப்பு வந்தது. அந்த வாரக் கடைசியில்தான் அவன் கடைக்குப் போக முடிந்தது. வாசலிலேயே என்னை நிறுத்தி, ஒரு பல் செட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"பாரு வாத்தியாரே, பட்டாபிராம் பெர்சுக்குக் கட்னது, இன்னா மினுமினுப்பு! அந்தக் கறக்கல்லு கீதே, ஐயோ, பவுடர் கணக்கா அரைஞ்சிச்சு."

கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்த சிறகு, என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையால், பட்டாபிராமில் ஒரு கிழவருடைய முன்பல்லாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை பயணங்களுக்குப் போகவில்லை. முதுகு வலி என்றேன். வயலெல்லாம் பிளாட் போட்டுக் கல் நட்டார்கள். கிணறு வெட்டுவது நின்று போர் போட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். என் மேல்வரிசைப் பற்களும், பஸ்ஸில் அவன் சரியாகத் தெரியவில்லை என்ற பல்லில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் போயின. அவனிடம் போக முகமில்லாமல் வேறொருவரிடம் செட்டுக் கட்டிக்கொண்டேன். அது ஒருநாள் வகுப்பில் ஒளிச்சேர்க்கையை விளக்கும்போது கழன்று மேஜையில் குதித்தது. முதல் வரிசைப் பெண் ஒருத்தி அலறினாள். மறுநாள் ஆவடிக்குப் பஸ் ஏறினேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

வாசலில் தயங்கி நின்றேன். தலை நரைத்திருந்தான். என் முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் விழித்தான். "பல்செட்டு" என்றேன். வாய் திறந்ததுதான் தாமதம்.

"வாத்தியாரே! குந்து குந்து! எவன்டா இந்தச் செட்டு கட்னவன்? அவன் கையில கட்டி மொளைக்க!"

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன். "அப்பால சொல்லு, ஆ காட்டு" என்று, குழைத்த மாவை ஒரு கரண்டித் தகட்டில் அப்பி என் வாய்க்குள் திணித்துவிட்டான். "அசயாத. இறுகணும்."

நான் வாயடைத்து உட்கார்ந்திருக்க, அவன் பழைய கதைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். கான்ஸ்டபிள், அரிவாள், புளியோதரை. திடீரென்று, "அந்தக் கறக்கல்லு ஞாபகம் கீதா வாத்தியாரே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டில், முறுக்குக்கும் பல்லி வாலுக்கும் நடுவிலிருந்து ஒரு வெள்ளை வில்லையை எடுத்து வந்தான்.

அதில் சிறகு இருந்தது.

"அரைக்கிறதுக்கு முந்தி ஒரு அச்சு எட்த்து வெச்சேன். வெறும் கறைதான். ஆனா அழகா இருந்துச்சி, அதான் எட்த்தேன்."

என் கண்ணில் நீர் வழிந்தது. "இன்னா, கொமட்டுதா? மூக்கால மூச்சு உடு, மூக்கால" என்று முதுகைத் தடவிக் கொடுத்தான்.

தகட்டை வெளியே எடுத்ததும் சொன்னேன். "அது கறை இல்ல. தட்டான் சிறகு."

"எப்பத் தெரிஞ்சிது?"

"அன்னைக்கே."

அவன் என்னைப் பார்த்தான். கையிலிருந்த என் வாயின் அச்சைப் பார்த்தான். "இரு. இத்த ஒடனே ஊத்தலேன்னா சுருங்கிப் பூடும்" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மாவு கரைத்து அதில் ஊற்றினான். நிதானமாகத் தட்டித் தட்டிக் குமிழி போக்கினான். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான காத்திருப்பு கிடையாது.

திரும்பாமலே கேட்டான்: "ஏன் வாத்தியாரே?"

"பொறாமை."

"யார் மேல?"

"உன் மேலதான்."

இப்போது திரும்பினான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "என் மேலயா? நீயா? எம்.எஸ்ஸி படிச்சிட்டு?" பிறகு பின்னறைப் பக்கம் குரல் கொடுத்தான். "ஏமே! இங்க வாயேன்! நம்ம வாத்தியாரு என்னப் பாத்துப் பொறாமப்பட்டாராம்!"

அவன் மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஆமா, கண்ணு கெட்டுப்போச்சா அவருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வில்லையைக் கட்டைவிரலால் தடவினான்.

"கேட்டிருந்தா உனக்கே குட்த்திருப்பேனே வாத்தியாரே."

அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

வில்லையை வாங்கிக்கொண்டு, பட்டணத்தில் இந்த மாதிரிக் கற்களை ஆராயும் ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அச்சு பிரமாதம். கல்லைக் கொண்டு வாங்க" என்றார்.

"கல் இல்லை."

"தொலைஞ்சுபோச்சா?"

"அரைச்சுப் பல் செட்டுக்கு மெருகு போட்டுட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு டீ வரவழைத்தார். வெறும் அச்சை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கல் இல்லாமல் எதையும் பதிவு செய்ய முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தலை குனிந்து ஆவடிக்குத் திரும்பினேன். பல்செட்டுக்கு அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. "அந்தாளு இன்னா சொன்னா இன்னா. நீ சொல்ட்டே இல்ல? சீட்டு எழுது."

சீட்டு எழுத உட்கார்ந்தேன். தட்டான் சிறகு. திருமழிசைக்கு அப்பால், கிணற்று மேடு. 'கண்டெடுத்தவர்' என்று எழுதியதும் பேனா நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"இன்னா வாத்தியாரே?"

"உன் பேர் என்ன?"

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்க எனக்கு ஒரு தேவை வந்ததில்லை. சொன்னான். கொஞ்சம் வெட்கத்தோடு, இனிஷியலும் சேர்த்துச் சொன்னான். எழுதினேன். அவன் சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினான்.

"கீழ உன் பேரும் எழுது. பாத்துச் சொன்னவருன்னு. நீ சொல்லலேன்னா அது இன்னும் கறைதானே?"

எழுதினேன். அந்தச் சீட்டு அலமாரியில், சிரிக்கும் வாய்களுக்கு நடுவே, சிறகோடு கடைசிவரை இருந்தது. இப்போது அந்தக் கடை இல்லை. அவனும் இல்லை.

என் செட்டை அவன் முடித்துக் கொடுத்த நாளில், வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிக் காட்டினான். அப்படி ஒரு மினுமினுப்பை நான் பார்த்ததில்லை.

"இப்பல்லாம் கடத் தூளுதான் வாத்தியாரே. நீ வர்றத நிறுத்திட்டப்புறம் கல்லுக்கு எங்க போறது? ஆனா அந்தக் கடைசி சாக்குல அரைச்சது, டப்பா அடியில கொஞ்சம் ஒட்டிகினு இருந்துச்சு. சொரண்டி உனக்குப் போட்டேன்."

எனக்கு எண்பது ஆகிறது. முன்பெல்லாம் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். இப்போது பஸ்ஸில், கல்யாணத்தில், எங்கே சிரித்தாலும் வாயை நன்றாகத் திறந்தே சிரிக்கிறேன். பளபளப்பது அவன் கண்டெடுத்தது. மறுபடியும் அதை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை.